ஓரகத்தியின் நட்சத்திரம்

புன்னைமுனையில் மழை பிடித்தால் பதினெட்டு நாள் விடாது, அந்தப் பதினெட்டு நாளும் கருவாட்டுக்காரிகளுக்குச் சூரியன் செத்த மாதிரிதான், அப்படியொரு ஐப்பசியின் ஏழாம் நாள் காலையில், நெத்திலியெல்லாம் கூடையிலேயே கூழாகிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நட்சத்திரம் இறங்கி வந்து எங்கள் வளவில் நின்றது. என் பக்கத்தில் இல்லை, மெட்டில்டா பக்கத்தில்.

மெட்டில்டா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பொஞ்சாதி. எங்கள் மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் வளவின் நடுவே ஒரு நீல நைலான் கயிற்றைக் கட்டி, கடலைப் பார்த்த பாதி அவளுக்கு, ரோட்டைப் பார்த்த பாதி சூசையம்மாளாகிய எனக்கு என்று பிரித்துவிட்டுப் போனார். எனக்குப் புருஷன் இருக்கிறார், இரண்டு இன்ஜின் வள்ளம் இருக்கிறது, ஓட்டு வீடு இருக்கிறது. அவளுக்கு அந்தப் பாதி மணலும், அதில் மீனைக் காயப்போட்டு விற்கிற பிழைப்பும்தான். அவள் புருஷன் ரெமிஜியூஸ் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனான், வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. இதையெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அவள்மேல் பொறாமை வந்ததற்கு ஒரு நியாயமும் கிடையாது, வந்தது, அவ்வளவுதான்.

நட்சத்திரம் அப்போது ஒரு நார்த்தங்காய் அளவுதான் இருந்தது. பழுத்த பப்பாளியின் நிறம். மணலிலிருந்து இரண்டாள் உயரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது, அதைச் சுற்றிப் பத்துப் பாய் விரிக்கிற அளவுக்கு மழை விழவே இல்லை. மெட்டில்டா குடிசையை விட்டு வெளியே வந்து பார்த்தாள், "யாரோ வந்திருக்காவ" என்றாள், உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் யார் எவர் என்ற விசாரணை. தம்ளரை எப்படிக் கொடுப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தண்ணீரை மேல்நோக்கி வீசினாள், அது அந்தரத்திலேயே உஸ்ஸென்று இழுத்துக் குடித்துக்கொண்டது. அன்று மதியத்துக்குள் அவளுடைய நெத்திலி கலகலவென்று காய்ந்துவிட்டது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊருக்கு வேலை இருந்தது, ஆச்சரியப்பட நேரமில்லை. பஞ்சாயத்துக் கூடி, நட்சத்திரம் நிற்பது மெட்டில்டாவின் எல்லைக்குள் என்பதால் அது மெட்டில்டாவைச் சேர்ந்தது என்று தீர்த்தார்கள். மணியடிக்கிற கோயில்பிள்ளை, அது கோயிலுக்கு வந்து வழி தப்பியதாக இருக்கலாமே என்று இழுத்துப் பார்த்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பங்குச்சாமி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஈரமாகிப்போன பூசை உடுப்புகளை மட்டும் உலர்த்தக் கொடுத்தனுப்பினார். கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, எங்கிருந்தும் வயர் இழுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எல்லாருக்கும் இரண்டிரண்டு நிழல் விழுந்தது, பிள்ளைகள் ஒரு வாரம் அதை மிதித்து விளையாடினார்கள், பிறகு மறந்துபோனார்கள். சேவல்கள் மட்டும் பொழுது எப்போது விடிகிறது என்று தெரியாமல் கூவிக் கூவித் தொண்டை கட்டிப் படுத்துவிட்டன.

வெளிச்சத்துக்குக் கயிறு தெரியாது, அது என் பக்கமும் விழுந்தது. நான் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாயைக் கட்டி அதை மறைத்தேன்.

"ஏட்டி, மழைக்குக் கட்டுவாவ, வெயிலுக்குக் கட்டுவாவ, வெளிச்சத்துக்குப் போயி வேலி கட்டுதியே, கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர் கஸ்பார்.

"அவ வீட்டு வெளிச்சம் எனக்கு எதுக்கு?"

"மீனு புழுக்குதுட்டீ."

"புழுத்துட்டுப் போவுது."

புழுத்துத்தான் போனது. கூடை கூடையாகக் கொண்டுபோய் மணலில் புதைத்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளி வெள்ளியாய் அவளுடைய மீன் காய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கூப்பிடத்தான் செய்தாள், "யக்கா, இங்க எடம் கெடக்கு, கொண்டாந்து போடுங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். கூப்பிட்டதுதான் என்னை இன்னும் எரித்தது. இல்லாதவள் இருக்கிறவளைக் கூப்பிட்டுக் கொடுப்பதைப் பொறுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பொற்கொடி டீச்சர் வந்தார். உள்நாட்டுக்காரர், ஸ்கூட்டரில் வந்து எங்கள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர், எதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நட்சத்திரத்தைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். கயிற்றோரம் மீன் அலசுகிற பாவனையில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை தம்ளர் கொடுக்கிறீங்க மெட்டில்டாம்மா?"

"ஒண்ணுதான் டீச்சர். காலையில ஒரு தம்ளர். வந்தவுகளுக்குக் குடுக்கது."

"அதுவே போதும். தண்ணியில ஹைட்ரஜன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் இதுக்குச் சாப்பாடு. அதை எரிச்சு ஹீலியமா மாத்தும், அந்த எரிப்புலதான் வெளிச்சம். நம்ம சூரியன் செய்றதும் இதே வேலைதான். மேல இருக்கிற எடை உள்ள அமுக்கும், உள்ள இருக்கிற சூடு வெளிய தள்ளும், ரெண்டும் சமமா இருக்கிற வரைக்கும் நிக்கும்."

"எவ்வளவு நாளைக்கு இருக்கும் டீச்சர்?" மெட்டில்டாவின் குரலில் பயம் இருந்தது. அவளுக்கு அது பிழைப்பு.

"இது சின்னது, சிவப்பு. சின்னது சிக்கனமா எரியும். உங்களுக்கும் இருக்கும், உங்களுக்குப் பின்னால இந்த ஊருக்கும் இருக்கும், இந்தக் கடல் வத்தினதுக்கு அப்புறமும் இருக்கும்."

நான் மீனை விட்டுவிட்டு எழுந்து கயிற்றருகே போனேன். "பெரிசா இருந்தா ரொம்ப நாளைக்கு வருமோ டீச்சர்?"

"அதான் இல்லைங்கம்மா. பெரிசுக்குத்தான் ஆயுசு கம்மி. நிறைய வச்சிருக்கும், ஆனா அதைவிட வேகமா செலவழிக்கும். நீலமா, பிரமாதமா எரியும், சீக்கிரம் முடிஞ்சிரும்."

டீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் ஊருக்குப் பாதி புரியவில்லை. எனக்கு முழுக்கப் புரிந்தது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். மெட்டில்டாவுக்கு அங்கே பூ வைக்க இடம் கிடையாது, ரெமிஜியூஸின் உடம்பென்று புதைக்க எதுவும் கிடைக்கவில்லை, அதனால் அவள் வருஷா வருஷம் அன்று காலை கடற்கரையில் போய் நின்றுகொண்டிருப்பாள், அலைக்கு மெழுகுவர்த்தி கொளுத்த முடியாதே, சும்மா நிற்பாள். அவள் அப்படி நிற்கப் போன நேரம் பார்த்து நான் என் மாமியார் கல்லறைக்குப் போகாமல் கயிற்றைத் தாண்டினேன். இடுப்பில் குடம். ஒரு குடத்தை மேல்நோக்கி வீசி ஊற்றினேன், குடித்தது. இன்னொன்று ஊற்றினேன், குடித்தது. தெருக்குழாயில் நின்று பிடித்த ஏழு குடத்தையும், கஸ்பார் குளிக்க வைத்திருந்த அண்டாத் தண்ணீரையும் ஊற்றினேன். கை ஓய்ந்துவிட்டது. என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படி ஊட்டியதில்லை.

அதற்குப் பிறகு, அவள் விடிந்ததும் ஏலத்துக்குக் கரைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நான் ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் நின்றுபோன நாட்களில் கடல் தண்ணீரைச் சுமந்தேன், அலைக்கும் வளவுக்குமாக முப்பது நடை, தோள்பட்டை இறங்கிப்போக, முழங்கால் வீங்கிப்போக, ஒரு வேலைக்காரி எசமானுக்குச் செய்வதைவிட ஒழுங்காக என் பொறாமைக்கு நான் வேலை செய்தேன். நார்த்தங்காய் தேங்காய் ஆனது, தேங்காய் பூசணி ஆனது, பப்பாளி நிறம் போய் மஞ்சளாகி, மஞ்சள் போய் வெள்ளையாகி, மார்கழி பிறந்தபோது நட்சத்திரம் நீலமாக, பார்த்த கண் திரும்பாத நீலமாக, எரிந்துகொண்டு நின்றது.

நான் நினைத்தது அது சீக்கிரம் செத்துப்போகும் என்று. செத்துப்போவதற்கு முன்னால் அது மெட்டில்டாவை ராணியாக்கிவிடும் என்று நினைக்கவில்லை. காலையில் போட்ட மீன் அரை மணி நேரத்தில் காய்ந்தது. கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு அது துப்பிய உப்பு பொடிப் பொடியாக அவள் பாய்களில் விழுந்து, மீனுக்கு உப்புப் போடுகிற வேலையும் இல்லாமல் போனது. பக்கத்து ஊர்களிலிருந்து நனைந்த நெல், நனைந்த பாடப்புத்தகம், கல்யாணப் பந்தலில் நனைந்த பட்டுப்புடவை என்று எல்லாம் வந்தன. மஞ்சள்காமாலை பிடித்த பச்சைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்தார்கள், அந்த நீல வெளிச்சத்தில் இரண்டு நாள் கிடத்தினால் மஞ்சள் இறங்கியது, பிள்ளைகளுக்கு மெட்டில்டா என்று பெயர் வைத்தார்கள். ஒரே மாதத்தில் ஒன்பது மெட்டில்டாக்கள். நான் எண்ணினேன், ஒன்பது. அந்த ஒன்பதும் நான் சுமந்த தண்ணீரில் பிழைத்தவை, அதை ஒருத்தரிடமும் சொல்ல வழியில்லை.

டீச்சருக்கு மட்டும் முகம் வாடிக்கொண்டே வந்தது. "தானா எடை கூடுற நட்சத்திரத்தை நான் படிச்சதே இல்லை" என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊரில் யார்மேலும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, மனுஷர்மேல் சந்தேகப்படும் பாடம் அவர் எடுப்பதில்லை.

தை முடிவில் ஒரு காலை அது நீலத்தை விட்டுச் சிவந்தது, சிவந்து உப்பியது, பத்து நாளில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் அளவுக்குப் பெருத்து மெட்டில்டாவின் குடிசைக்கு மேலே தொங்கியது. நான் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன், அது கேட்கவில்லை. காற்றில் துருவாடை அடிக்க ஆரம்பித்தது. டீச்சர் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தவர், ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு நேரே கோயில் மணியை அடிக்கப் போனார்.

"ஹைட்ரஜன் தீர்ந்து, ஹீலியம் தீர்ந்து, ஒவ்வொண்ணா எரிச்சு இப்ப நடுவுல இரும்பு வந்துருச்சு. இரும்பை எரிச்சு ஒரு நட்சத்திரமும் பிழைக்க முடியாது. தாங்குறதுக்கு உள்ள சூடு இல்லாமப் போனதும் மொத்தமும் உள்ள விழும், விழுந்த வேகத்துல வெளிய தெறிக்கும். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள. எல்லாரும் போயிருங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆபத்தென்றால் போகத் தெரிந்த இடம் ஒன்றுதான். கிழவிகள், கைப்பிள்ளைகள், கோழிகள், அந்தோணியார் சுரூபம் என்று எல்லாவற்றையும் வள்ளங்களில் ஏற்றிக் கடலுக்குள் தள்ளினார்கள். மெட்டில்டா ஏறவில்லை. ரெமிஜியூஸ் போனதிலிருந்து அவள் வள்ளத்தில் கால் வைத்ததில்லை.

"வந்தவுகளைத் தனியா சாக விட்டுட்டு நான் எங்க போவட்டும்? நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எங்கள் வள்ளம் கரையை விட்டு நகர்ந்தது. அவள் அந்தச் சிவப்புக்குக் கீழே சின்னதாக நிற்பது தெரிந்தது. அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது, வந்ததை வந்தபடி சொல்கிறேன்: அதோடு சேர்ந்து இவளும் போகட்டும். யாரோ என் காதில் சொன்ன மாதிரி இல்லை, என் சொந்தக் குரலில், நான் மீன் விலை சொல்கிற அதே குரலில் வந்தது. கஸ்பார் "ஏட்டி, ஏட்டி" என்று கத்தக் கத்தத் தண்ணீரில் குதித்தேன், இடுப்பளவு அலையில் விழுந்து எழுந்து ஓடினேன், அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வளவோரம் கவிழ்ந்து கிடந்த ரெமிஜியூஸின் பழைய வள்ளத்துக்கு அடியில் தள்ளி நானும் நுழைந்தேன்.

பிறகு வெளிச்சம் வந்தது. சத்தம் இல்லை, வெளிச்சம் மட்டும். பலகையின் சந்து வழியாக இல்லை, பலகை வழியாகவே வந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தும், என்னைப் பிடித்திருந்த மெட்டில்டாவின் கையின் எலும்புகளை ஒவ்வொன்றாக நான் பார்த்தேன், அவளும் என்னுடையதைப் பார்த்திருப்பாள். வெளியே உச்சிச் சூரியன் அந்த நேரத்தில் அணைந்த விளக்கு மாதிரி இருந்ததாகக் கடலில் இருந்தவர்கள் சொன்னார்கள். சொல்லவேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

யாரும் சாகவில்லை. ஓடுகள் நிறம் இழந்தன, தென்னைகள் ஒரு பக்கம் கருகின, மூன்று நாள் மெல்லிய சாம்பல் விழுந்தது. நம் இரத்தத்தில் இருக்கிற இரும்பும் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பும் என்றைக்கோ இப்படிச் செத்த நட்சத்திரங்கள் போட்டதுதான் என்று டீச்சர் சொன்னார், அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தச் சாம்பலை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார்கள். மெட்டில்டாவின் குடிசை இல்லை, பாய்கள் இல்லை, அவளுக்கு மறுபடி பழைய சூரியனும் பழைய மழையும்தான். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

அதற்கு மேலும் கிடைத்தது. சாம்பலைக் கூட்டும்போது, கயிற்றுக்கு இந்தப் பக்கம், என் மணலில், ஒரு தட்டு அளவு பள்ளத்தின் நடுவே கடுகு மாதிரி ஒன்று கிடந்தது. விளக்குமாறு அதைத் தாண்டிப் போகவில்லை. விரலால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. கஸ்பார் வந்தார், வரவில்லை. வள்ளம் தள்ளுகிற நாற்பது பேர் வடம் போட்டு இழுத்தார்கள், ஜேசிபி வந்து முக்கிவிட்டுப் போனது, கடுகு கடுகாகவே கிடந்தது. நட்சத்திரத்தின் நடுப்பகுதி முழுக்க அதற்குள் நசுங்கிக் கிடப்பதாக டீச்சர் சொன்னார். அது நட்சத்திரத்தின் உடம்பு. என் வளவில் கொட்டிய தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது, கோழிகள் சாய்ந்து சாய்ந்து நடந்தன, வீட்டுக் கதவுகள் அதைப் பார்க்கத் தாமாகத் திறந்துகொண்டன.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், இந்த முறை என் பக்கம். பத்திரிகைக்காரர்கள் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். "சூசையம்மா வீட்டு நட்சத்திரம்" என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், படம் எடுக்கிறவன் இப்படித் திரும்புங்க என்று சொல்ல, திரும்பினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மெட்டில்டா மீன் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கடுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நாலு மாதம் நான் அந்தக் கண்ணோடுதான் தூங்கி எழுந்தேன். உதட்டை உள்ளே மடித்துக் கடிப்பதுகூட அதேதான். அவளுக்குப் பொறாமை. வெளிச்சத்துக்கு இல்லை, பேருக்கும் இல்லை. செத்தவரின் உடம்பு என் வாசலில் கிடக்கிறது, அவளுக்கு இந்தத் தடவையும் இல்லை.

புடவையை மாற்றிக்கொண்டு போனேன்.

"மெட்டில்டா, நான்தான் தண்ணி ஊத்தினேன். கல்லறைத் திருநாள்ல இருந்து. நீ ஏலத்துக்குப் போவும்போதெல்லாம். அது சாவணும்னுதான் ஊத்தினேன்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நீ எங்கிட்ட பேசாண்டாம்" என்றேன். "அது இருக்க எடத்தைவிட்டு வராது. நாம மாறிக்கிடுவோம். ஓட்டு வீட்டுல நீ இரி. நானும் அவரும் இந்தப் பக்கம் கூரை போட்டுக்கிடுதோம்."

"அண்ணன் சம்மதிச்சாவளா?"

"சம்மதிப்பாவ."

"ஒங்கள நான் மன்னிச்சேன்னு நெனைச்சுக்கிடாதீங்க."

"நெனைக்கல."

பங்குனி முதல் வாரத்தில் மாறிக்கொண்டோம். கஸ்பார் நாலு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு கூரைக்கு ஓலை வாங்கிவந்தார். மாறிய அன்று காலை, வெயில் நன்றாக ஏறியிருந்தது, இரண்டு பக்கமும் சாளை மீன் காய்ந்துகொண்டிருந்தது. மெட்டில்டா ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்துக் கொளுத்தினாள். சுடர் மேல்நோக்கி நிற்கவில்லை, கடுகைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் மணலில் உட்கார்ந்தாள். முதலில் அந்த வந்தவரைச் சொல்லித்தான் அழுதாள், பிறகு "ரெமிஜி, ரெமிஜி" என்று ஆரம்பித்தாள், பதினோரு வருஷமாக ஊரில் யாரும் கேட்காத அழுகை, தெருமுனை வரை கேட்டது.

நான் அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, அப்படி அழ எனக்கு ஒருத்தருமில்லையே என்று. மத்தியானம் ஆகியும் அவள் எழவில்லை. என் சாளையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவள் பக்கம் போய் அவளுடையதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன்.